உங்களுக்குத் தெரியுமா? - டப்பாவுக்குள் வயதாகும் மருந்து

● பழைய கருமருந்துக்கு வயதாவதே இல்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பொறி பட்டவுடன் கிளம்பும். இன்றைய துப்பாக்கித் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தின் கதை வேறு. பஞ்சையோ மரக்கூழையோ நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ்தான் அதற்கு அடிப்படை. ஆலையை விட்டு வெளியே வந்த அன்றே, யாரும் தொடாமலேயே, அது மெல்லச் சிதையத் தொடங்கிவிடுகிறது. அது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதுதான் கேள்வி.

● அமெரிக்காவில் தோட்டாவைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளும் வேட்டைக்காரர்களும் குறி சுடுபவர்களும் ஏராளம். சுட்டு முடித்த பித்தளை உறையைப் பொறுக்கிவந்து சுத்தம் செய்து, மருந்தைப் பற்றவைக்கும் புதுப் பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தினால் தோட்டா மறுபடி தயார். இதற்குப் பெயர் ரீலோடிங். கார் ஷெட்டில் ஒரு மேஜை, கைப்பிடி வைத்த பிரஸ், நுட்பமான தராசு, இவ்வளவு இருந்தால் போதும். மருந்து பெரும்பாலும் ஒரு பவுண்டு டப்பாவில் வரும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குச் சுமார் 5 கிரெய்ன் போதும் என்பதால் ஒரே டப்பாவில் ஆயிரத்துக்கு மேல் தேறும். டப்பா தீருமுன் ஆர்வம் தீர்ந்துவிடும். அலமாரியில் அரை டப்பா, கால் டப்பா என்று சேரும். தாத்தா காலமான பிறகு ஷெட்டை ஒழிக்கும் பேரன் கையில், லேபிள் மங்கிய ஏழெட்டு டப்பாக்கள் வந்து சேரும்.

● இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்காவில் பரவியதற்கு இரண்டாம் உலகப் போரின் மிச்சமும் ஒரு காரணம். போர் முடிந்ததும் ராணுவம் தன்னிடம் தேங்கிக் கிடந்த மருந்தை விற்றது. கான்சாஸ் மாநிலத்துக்காரர் புரூஸ் ஹாட்ஜ்டன் '4895' ரக மருந்தை 50,000 பவுண்டு வாங்கி, பழைய ரயில் பெட்டி ஒன்றைப் புல்வெளியில் நிறுத்தி அதில் அடுக்கிவைத்தார். துப்பாக்கிப் பத்திரிகையில் சின்னதாக ஒரு விளம்பரம் கொடுத்து விற்கத் தொடங்கினார். அவர் பெயரிலான நிறுவனம் இன்று அந்நாட்டின் பெரிய மருந்து வியாபாரிகளில் ஒன்று.

● 1846-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர வேதியியலாளர் ஷோன்பைன், பஞ்சிலிருந்து வெடிபஞ்சு, அதாவது நைட்ரோசெல்லுலோஸ், செய்யும் முறையை அறிவித்தார். சமையலறையில் சிந்திய அமிலத்தை மனைவியின் ஏப்ரனால் துடைத்து அடுப்பருகே காயப்போட்டார், அது பக்கென்று எரிந்து மறைந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு நிஜமோ, அடுத்த வருஷம் நடந்தது நிஜம். 1847 ஜூலை 14 அன்று இங்கிலாந்தில் ஃபேவர்ஷாம் வெடிபஞ்சு ஆலை வெடித்து இருபது பேர் அளவில் இறந்தார்கள். கழுவியும் போகாமல் பஞ்சு இழைக்குள் ஒளிந்திருக்கும் அமிலம்தான் வில்லன் என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டார்கள். ஃபிரெடரிக் ஏபல் 1860-களில் அந்தப் பஞ்சைக் காகிதக் கூழ்போல அரைத்து நீண்ட நேரம் அலசும் முறையைக் கொண்டுவந்த பிறகே தொழில் ஓரளவு அடங்கியது.

● கழுவினாலும் சிதைவு முழுசாகத் தீராது. அதனால் மருந்தோடு சுமார் ஒரு சதவீதம் 'நிலைநிறுத்தி' ஒன்றைச் சேர்ப்பார்கள். டைஃபினைல்அமைன், சென்ட்ரலைட் ஆகியவை அதிகம் புழங்குபவை. இவை சிதைவைத் தடுப்பதில்லை. மருந்து சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைப் பிடித்து விழுங்கிவிடும், அவ்வளவுதான். விழுங்க விழுங்கத் தாமும் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு அந்த வாயுக்களே மேலும் சிதைவைத் தூண்டும். சிதைவு மேலும் வாயுவைக் கிளப்பும். கூடையில் ஒரு மாம்பழம் அழுகினால் பக்கத்துப் பழமும் கெடும் இல்லையா, அந்தக் கதைதான். கூடவே சூடும் பிறக்கிறது. குவியல் பெரிதானால் உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். அமெரிக்க ராணுவம் கிடங்கு மருந்தின் மாதிரியை அவ்வப்போது எடுத்து நிலைநிறுத்தி எவ்வளவு மிச்சம் என்று அளக்கிறது. 0.2 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த லாட்டுக்குக் கிடங்கில் இடமில்லை.

● 1884-இல் பால் வியெய் என்ற பிரெஞ்சுக்காரர், ரைஃபிளுக்கு ஏற்ற முதல் புகையில்லா மருந்தை உருவாக்கினார். பெயர் 'பூத்ர் பே'. 1886-இல் வந்த லெபெல் ரைஃபிளோடு சேர்ந்து அது ஐரோப்பியப் படைகளையெல்லாம் கலங்கடித்தது. சுட்டவன் எங்கே இருக்கிறான் என்று காட்டிக்கொடுக்கப் புகை இல்லையே! ஆனால் அதே மருந்து பிரான்ஸின் சொந்தக் கப்பல்களைப் பழிவாங்கியது. 1907 மார்ச் 12 அன்று தூலோன் துறைமுகத்தில் பழுதுபார்ப்புக்காக வறண்ட துறையில் நின்ற 'யேனா' போர்க்கப்பலின் மருந்தறை வெடித்தது. துறையில் தண்ணீர் இருந்தால் அணைக்கலாம்; அது வறண்ட துறை. பக்கத்தில் இருந்த 'பத்ரி' கப்பலின் தளபதி, தண்ணீரை உள்ளே விடத் துறைக் கதவைப் பீரங்கியால் சுடச் சொன்னார். குண்டு கதவில் பட்டுத் தெறித்ததே தவிரத் துளைக்கவில்லை. ரூ என்ற இளம் அதிகாரி கையாலேயே கதவைத் திறந்துவிட்டார். சற்று நேரத்தில் சிதறிவந்த துண்டு பட்டு உயிரிழந்தார். மொத்தம் 120 பேர் அளவில் மாண்டார்கள். கெட்டுப்போன மருந்தின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. அந்த விவகாரம் கடற்படை அமைச்சர் காஸ்தோன் தோம்சோனின் பதவியைக் காவு வாங்கியது. அதோடு விட்டதா? 1911 செப்டம்பர் 25 அதிகாலை, அதே தூலோனில் 'லிபெர்த்தே' வெடித்தது. இந்த முறை சாவு ஏறக்குறைய 300. கப்பலின் இடிபாடு 1925 வரை துறைமுகத்திலேயே கிடந்தது. முதல் விபத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே நாலரை வருஷம். கோப்புகள் நகர்ந்த வேகம் அது.

● மருந்தின் வயதைத் தீர்மானிப்பது காலண்டர் அல்ல, சூடு. குளிர்ந்த, உலர்ந்த அறையில் பல பத்தாண்டு நிற்கும் மருந்து, கோடையில் கூரைக்கடியிலோ கார் டிக்கியிலோ வைத்தால் வேகமாகக் கிழடாகிவிடும். 1914 நவம்பர் 26 அன்று இங்கிலாந்தின் ஷீர்னெஸ் அருகே வெடித்துச் சிதறிய 'புல்வார்க்' கப்பலில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொதிகலன் அறைச் சுவரை ஒட்டி கார்டைட் (புகையில்லா மருந்தில் ஒரு வகை) பைகளை அடுக்கியிருந்தது விசாரணையில் வெளிவந்தது.

● கார்டைட் என்றதும் நீலகிரிக்காரர்களுக்கு அருவங்காடு ஞாபகம் வரும். ஊட்டி மலை ரயிலில் வெலிங்டனைத் தாண்டினால் அந்த ஸ்டேஷன். பிரிட்டிஷ் ஆட்சி 1900-களின் தொடக்கத்தில் அங்கே கார்டைட் ஆலையை நிறுவியது. இன்றும் அது இயங்குகிறது, 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ். சமவெளியின் மே மாத வெயிலைவிட மலையின் குளிர் இந்தச் சரக்குக்கு ஒத்துக்கொள்ளும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

● மருந்து கெட்டதா என்று முதலில் சொல்வது மூக்கு. நல்ல மருந்தில் ஈதரோ ஆல்கஹாலோ கலந்தாற்போல் லேசான கரைப்பான் வாசனை இருக்கும். கெட்டதில் மூக்கைக் குத்தும் அமில நெடி. டப்பாவைத் திறந்ததும் செம்பழுப்புப் புகை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். செந்நிறத் தூள், ஒட்டிக்கொண்ட கட்டிகள், தகர மூடியின் உட்பக்கம் மட்டும் அரித்திருப்பது, இவையும் எச்சரிக்கைதான். (வெளிப்பக்கத் துரு வெறும் ஈரமாக இருக்கலாம், பயப்பட வேண்டாம்.) ஒரு எச்சரிக்கைக்கு இன்னொரு எச்சரிக்கை: டப்பாவுக்குள் மூக்கை நுழைத்து இழுத்து மோந்து பார்க்காதீர்கள். அந்தச் செம்பழுப்பு வாயு நைட்ரஜன் டைஆக்சைடு, நுரையீரலுக்கு ஆகாது. எட்ட வைத்துக் கையால் விசிறினாலே நெடி தெரிந்துவிடும்.

● பரிசோதனைக் கூடத்தில் மூக்கை நம்புவதில்லை. ஏபல் கொண்டுவந்த சோதனையில் மருந்தைச் சூடாக்கி, மேலே பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் தோய்த்த காகிதத்தைத் தொங்கவிடுவார்கள். எத்தனை நிமிஷத்தில் நிறம் மாறுகிறது என்பதுதான் கணக்கு. இன்னொன்று மீத்தைல் வயலெட் சோதனை. நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் உள்ள மருந்துக்கு 134.5 டிகிரி, நைட்ரோகிளிசரினும் சேர்ந்ததற்கு 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் நடத்துவார்கள்.

● விலையுள்ள பொருளை இரும்புப் பெட்டியில் பூட்டுவது நம் கைப்பழக்கம். மருந்து விஷயத்தில் அதுதான் ஆபத்து. திறந்த வெளியில் புகையில்லா மருந்து பெரிய சுடராக எரிந்து அடங்கும், அவ்வளவுதான். அதையே கனத்த இரும்புக்குள் அடைத்துத் தீப்பிடித்தால் வாயுவுக்கு வழியில்லாமல் பெட்டியே குண்டாகிவிடும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகள் (என்.எஃப்.பி.ஏ. 495) வீட்டில் 20 பவுண்டு வரை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்க அனுமதிக்கின்றன. 20-க்கு மேல் 50 வரை என்றால், ஓர் அங்குலக் கனமுள்ள பலகையில் செய்த மரப்பெட்டியோ அலமாரியோ வேண்டும். மரம் வெளிச் சூட்டை உள்ளே சீக்கிரம் விடாது. உள்ளே அழுத்தம் ஏறினால் பலகை விட்டுக்கொடுக்கும். பிரைமர்களை அதே பெட்டியில் வைக்கக் கூடாது. அமெரிக்க வீடுகளில் இன்னொரு தொந்தரவு: வெந்நீர் கொதிகலன் பல வீடுகளில் கார் ஷெட்டிலேயே இருக்கும், அதற்குள் அணையாமல் ஒரு சின்னச் சுடர். மருந்து அலமாரிக்கு அந்த மூலை வேண்டவே வேண்டாம்.

● சொந்த டப்பா என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. உள்ளே அழுத்தம் சிறிது ஏறினாலே பிளந்துகொள்ளும்படி வேண்டுமென்றே பலவீனமாகச் செய்கிறார்கள். ஊறுகாய் ஜாடிக்கோ கண்ணாடிப் பாட்டிலுக்கோ மாற்றினால் அந்தப் பாதுகாப்பு போயிற்று, லேபிளும் போயிற்று.

● மருந்துத் துகள் ஏன் சாம்பல் கலந்த கறுப்பு? மேலே கிராஃபைட் பூசியிருக்கிறார்கள். நிலைமின்சாரம் சேராது, துகள் ஒட்டாமல் வழியும். ஆனால் அதனாலேயே கைத்துப்பாக்கிக்கான வேக மருந்தும் ரைஃபிளுக்கான மெது மருந்தும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாறிப் போட்டால் துப்பாக்கி வெடிக்கக்கூடும், சுடுபவரின் கண்ணுக்கு எதிரே. அனுபவஸ்தர்கள் மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பாதான் வைப்பார்கள். இரண்டு கால் டப்பாக்களை ஒன்றாகக் கொட்டிச் 'சிக்கனம்' செய்பவரோடு சேர்ந்து சுடப் போகாதீர்கள்.

● வேலை முடிந்ததும் அளவுக் கருவியின் பிளாஸ்டிக் குடுவையைக் காலி செய்ய வேண்டும். மறந்துவிட்டால் நாளைக்கு அது எந்த மருந்து என்று தெரியாது. நைட்ரோகிளிசரின் கலந்த மருந்தாக இருந்தால் பிளாஸ்டிக்கையே அரித்து மங்கலாக்கிவிடும். பழைய குடுவைகளில் மருந்து நின்ற மட்டம்வரை கறை படிந்திருப்பதைப் பார்க்கலாம்.

● கீழே சிந்தினால் துடைப்பமும் முறமும் போதும். வேக்குவம் கிளீனர் மட்டும் வேண்டாம். அதன் மோட்டாரில் பொறி பறக்கும்.

● எரியும் மருந்தின் மேல் மணலைக் கொட்டினால் அணையுமா? அணையாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் மருந்தின் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது. காற்றை மறித்துப் பயனில்லை.

● புது டப்பா என்பதால் மட்டும் நிம்மதியாக இருக்க முடியாது. ஹாட்ஜ்டன் நிறுவனம் தனது 'ஐ.எம்.ஆர். 4007 எஸ்.எஸ்.சி.' மருந்தின் சில லாட்டுகளைத் திரும்பப் பெற்றது. அவை எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சிதைந்து தானாகவே தீப்பற்றக் கூடும் என்பதுதான் காரணம். டப்பாவை உடனே தண்ணீரால் நிரப்பும்படி வாங்கியவர்களுக்குச் சொல்லப்பட்டது. லாட் எண்ணை டப்பாவோடு பத்திரமாக வைத்திருப்பதன் பலன் அப்போதுதான் தெரியும்.

● தண்ணீரில் போட்டால் மருந்து கரைந்து போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நைட்ரோசெல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. நனைந்திருக்கும்வரை எரியாது என்பது உண்மை. தொழிற்சாலைகளே அதைத் தண்ணீரில் நனைத்துத்தான் அனுப்புகின்றன. காய்ந்தால் பழைய குணம் திரும்பிவிடும். கழிவறையில் கொட்டி ஃபிளஷ் செய்பவர் பிரச்சினையைக் குழாய்க்குள் அனுப்பிவைக்கிறார், தீர்க்கவில்லை. குப்பைத் தொட்டியில் போட்டால் அது குப்பை லாரிக்காரரின் தலையில்.

● அமெரிக்கத் தோட்டாத் தொழிலின் சங்கமான 'சாமி' சொல்லும் வழி எரிப்பது. ஊருக்கு ஒதுக்குப்புறமான வெட்டவெளி, ஓர் அங்குலத்துக்கு மேல் உயராத பரப்பு, ஒரு தடவைக்கு ஒரு பவுண்டுக்கு மிகாத அளவு. மருந்தில் நேரடியாகத் தீ வைக்கக் கூடாது. மெதுவாக எரியும் வேறு பொருளால் நீண்ட பாதை போட்டு, அதன் முனையில் பற்றவைத்துவிட்டு எட்டப் போய்விட வேண்டும். அடுப்பு, தகர டின், பார்பிக்யூ எதற்குள்ளும் கூடாது. படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. பல நகரங்களில் திறந்தவெளியில் எதையும் எரிப்பதே குற்றம் என்பதையும், மருந்தின் சுடர் நாம் நினைப்பதைவிட உயரமாக எழும்பும் என்பதையும் சேர்த்து யோசித்தால், முதலில் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவதே உத்தமம் என்பது என் கட்சி. அவர்கள் வந்து வாங்கிப் போகவும் செய்வார்கள், அல்லது யாரிடம் கொடுப்பது என்றாவது சொல்வார்கள்.

● சிலர் பழைய மருந்தைப் புல்தரையில் தூவுவார்கள். நைட்ரஜன் இருக்கிறதே, உரம்தானே என்பது வாதம். யூரியாவைப் போல அது தண்ணீரில் கரைந்து வேருக்குப் போகாது. கூடவே நிலைநிறுத்தி ரசாயனங்களும் மண்ணில் சேரும். புல் செழித்தது என்றால் பாராட்டு மழைக்கு.

● இதே நைட்ரோசெல்லுலோஸ் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பல நகப்பூச்சுகளில் இருக்கிறது. மேஜைப் பந்தாட்டத்தின் செல்லுலாய்ட் பந்தும் அதன் வம்சம்தான். 2014-இல் சர்வதேசக் கூட்டமைப்பு பிளாஸ்டிக் பந்துக்கு மாறியது. அக்காலச் சினிமாச் சுருளும் அதேதான். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப்படம் 'கீசக வதம்' அந்த நைட்ரேட் யுகத்தது. இன்று ஒரு பிரதிகூட இல்லை. உலகின் திரைப்படக் காப்பகங்கள் அந்தக் காலச் சுருள்களைத் தனியாக, குளிரூட்டிய அறைகளில் வைத்துக் காவல் காக்கின்றன. சிதைந்த சுருள் கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும்.

● கொட்டிவைத்துவிட்டு ஓடிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு லூசியானா மாநிலத்தின் கேம்ப் மிண்டன் சாட்சி. ராணுவத்தின் பழைய பீரங்கி மருந்து 'எம்6'-ஐ அப்புறப்படுத்தும் ஒப்பந்தத்தை ஒரு தனியார் நிறுவனம் எடுத்திருந்தது. 2012 அக்டோபரில் ஓர் இரவு ஒரு கிடங்கு வெடித்து, பல மைல் தள்ளியிருந்த வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. போலீஸ் போய்ப் பார்த்தால் மூட்டைகளும் அட்டைப்பெட்டிகளும் கண்ட கண்ட இடத்தில், சில வெட்டவெளியில். பக்கத்து ஊரான டாய்லைனைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மொத்தச் சரக்கு 1.5 கோடி பவுண்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 70 லட்சம் கிலோ. நிறுவனம் திவால். திறந்தவெளியில் எரித்துவிடலாம் என்று அரசு திட்டமிட்டபோது அந்தப் பகுதி மக்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் புகையை வடிகட்டும் மூடிய உலை ஒன்றைக் கட்டி, 2016-இல் தொடங்கி சுமார் ஒரு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துத் தீர்த்தார்கள்.

● நம் நாட்டில் இந்த விளையாட்டுக்கு இடம் குறைவு. 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம் வெடிபஞ்சு, நைட்ரோகிளிசரின் எல்லாவற்றையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் மருந்து வைத்திருந்தால் வழக்குதான்.

● பரம்பரைச் சொத்தாக வந்த பழைய தோட்டாக்களைப் பிரித்து மருந்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்ளும் வேலை அது. உறையின் கழுத்தில் வெடிப்பு, குண்டைச் சுற்றிப் பச்சைப் பூப்பு இருந்தால் உள்ளே அமிலம் வேலை செய்திருக்கலாம். எரியும் வேகமும் மாறியிருக்கலாம். தோட்டாவோடு லேபிள் இல்லாத டப்பாவும் கிடைத்தால், அதை ஆட்டிப் பார்க்காமல், வேறு டப்பாவுக்கு மாற்றாமல், பூட்டாமல் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு போலீஸுக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தால் திறக்க வேண்டாம். வந்து பார்ப்பவரிடம் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.